ஹோமி பாபாவும் தங்கவயலின் ஆழமும்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் யாரேனும் ஒருவர் சுரங்கத்தில் இறங்கியவராக இருக்கக்கூடும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, இரும்புக் கூண்டில் நின்றபடி பூமிக்குள் இறங்கி, பொன் கலந்த பாறையை வெட்டியவர்கள் அவர்கள். பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண், சயனைடு மேடுகளாக இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

அச்சுரங்கத்தில் பொன்னை நாடாமல், கண்ணுக்குத் தெரியாத துகள்களை நாடி இறங்கியவர்களும் உண்டு. அவர்களை அங்கே இறங்கச் செய்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அவருடைய வரலாற்றையும், அவர் ஆராய்ந்த துகள்களின் இயல்பையும் இப்பாடத்தில் காண்போம்.

தந்தையின் விருப்பமும் மகனின் விருப்பமும்

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மைசூர் அரசின் கல்வித் துறையில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். தந்தை ஜஹாங்கீர் பெங்களூரில் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, வழக்கறிஞர் ஆனார். அத்தையை மணந்தவர் டாட்டா குழுமத்தின் தோராப்ஜி டாட்டா. ஆகவே நம் கன்னட நாட்டோடு அக்குடும்பத்துக்கு ஏற்கெனவே தொடர்பு இருந்தது.

செல்வமும் நூல்களும் இசையும் நிறைந்த இல்லம் அது. சிறுவன் பாபா ஓவியம் தீட்டினான். மேலை இசையில் ஆழ்ந்தான். பதினெட்டு வயது நிறையும் முன்பே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பெற்றான். அங்கே இயந்திரப் பொறியியல் பயின்று, திரும்பி வந்து, ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பணியேற்க வேண்டும் என்பது தந்தையின் திட்டம். மகனுக்கென எல்லாம் ஆயத்தமாக இருந்தது.

ஆனால் கேம்பிரிட்ஜ் சென்ற மறு ஆண்டே, தமக்கு உரிய துறை இயற்பியலே என்றும், வணிகமோ பொறியாளர் பதவியோ தம் இயல்புக்கு ஒவ்வாதவை என்றும் மகன் தந்தைக்கு மடல் எழுதினார். தந்தை சினந்து மறுக்கவில்லை; உடனே இசையவும் இல்லை. ஒரு நிபந்தனை விதித்தார். பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், கணிதமும் பயில மேலும் அங்கே தங்கலாம் என்றார். விரும்பாத பாடத்தை விரும்பிய பாடத்துக்காகப் படிக்க வேண்டிய நிலை. பாபா 1930இல் பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றார்; 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்றார். அதன்பின் இயற்பியலுக்குத் தடை இல்லை. என் கருத்தில், அவ்விருவருள் தந்தைக்கே பாராட்டு மிகுதியாக உரியது. நிபந்தனை விதிக்கும் தந்தையர் பலர். அது நிறைவேறியபின் சொன்ன சொல்லைக் காப்பவர் சிலர்.

மின்னூட்டம் உடைய துகள்கள்

இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் நேர்மின்னூட்டம் உடைய அணுக்கரு இருக்கிறது. அதனைச் சுற்றி எதிர்மின்னூட்டம் உடைய எலக்ட்ரான்கள் உள்ளன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேறுபட்டவை ஈர்க்கும். உலோகக் கம்பியில் சில எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவோடும் கட்டுண்டிராமல் உலவும். அவை ஒரு திசையில் நகர்த்தப்படுவதையே மின்னோட்டம் என்கிறோம்.

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே நம் ஊர்ச் சுரங்கப் பொறிகள் மின்சாரத்தால் இயங்கின. அப்படியானால் சிவசமுத்திரத்து எலக்ட்ரான்கள் அந்த 147 கிலோமீட்டரையும் ஓடிக் கடந்து இங்கே வந்து சேர்ந்தனவா? இல்லை. ரேஷன் கடை வரிசையில் கடைசியில் நிற்பவர் தள்ளினால், முதலில் நிற்பவர் அசைகிறார் அல்லவா? கடைசியில் நின்றவர் முன்னே வரவில்லை. தள்ளுதல் மட்டும் வந்தது. மாறுமின்னோட்டத்தில் எலக்ட்ரான்கள் தம் இடத்திலேயே முன்னும் பின்னும் சிறிது ஊசலாடுகின்றன. தள்ளுதல்தான் கம்பி நெடுகப் பெரும் விரைவில் பாய்கிறது.

பாபா கேம்பிரிட்ஜில் இயற்பியலுள் நுழைந்த 1932ஆம் ஆண்டு, துகள் ஆராய்ச்சியின் பொற்காலம். அவ்வாண்டு அங்கேயே கேவண்டிஷ் ஆய்வகத்தில் சாட்விக், மின்னூட்டம் இல்லாத நியூட்ரானைக் கண்டறிந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஆண்டர்சன், எலக்ட்ரானைப் போன்றே நிறை உடைய, ஆனால் நேர்மின்னூட்டம் கொண்ட துகளைக் கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்று பெயர். இத்தகைய துகள் இருக்க வேண்டும் என்பதற்கான கணிதத்தை முன்னரே அமைத்தவர், பாபாவின் ஆசிரியருள் ஒருவராகிய டிராக்.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டுமே மறைந்து ஒளியாக, அதாவது காமாக் கதிராக, மாறிவிடக்கூடும். இதன் மறுதலையும் உண்மை. ஆற்றல் மிக்க காமாக் கதிர் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது மறைந்து, அவ்விடத்தில் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக ஓர் இணை தோன்றக்கூடும். ஒரு நேர்மின்னூட்டம், ஓர் எதிர்மின்னூட்டம்; கூட்டினால் சுழியே. ஆகவே மின்னூட்டக் கணக்கு எங்கும் தவறுவதில்லை.

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மீண்டும் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகவே வெளிவந்தால் என்ன நிகழ்ந்தது என்று கொள்வது? ஒன்றையொன்று ஈர்த்துத் திசை மாறிச் சென்றிருக்கலாம். அல்லது இரண்டும் அழிந்து, புதிய இணையாகத் தோன்றியிருக்கலாம். எந்த வழி என்று வெளியிலிருந்து பிரித்தறிய இயலாது. எனவே இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அக்கணக்கை முதன்முதலில் செய்தவர் பாபா. 1936இல் வெளியான அக்கட்டுரையின் பயனாக, அந்நிகழ்வு உலகெங்கும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் மோதவிடும் பெரும் பொறிகளில், மோதல்கள் எவ்வளவு நிகழ்கின்றன என்று அளந்தறிய இன்றும் அதுவே பயன்படுகிறது.

வானத்திலிருந்து பொழியும் மழை

விண்வெளியிலிருந்து துகள்கள் இடைவிடாமல் பூமியை நோக்கி வருகின்றன. இவற்றை அண்டக்கதிர்கள் என்பர். இவற்றுள் ஒரு பகுதி சில அங்குலக் கனமுள்ள ஈயத் தகட்டிலேயே அடங்கிவிடும். மற்றொரு பகுதி எவ்வளவு ஈயத்தை வைத்தாலும் துளைத்துக்கொண்டு செல்லும். இவ்வேறுபாடு அக்கால அறிஞர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது.

1937இல் பாபாவும் ஹைட்லர் என்னும் செருமானிய அறிஞரும் புதிரின் முதற்பாதியை அவிழ்த்தார்கள். (இவர் இயற்பியலறிஞர் வால்ட்டர் ஹைட்லர், நீங்கள் நினைக்கும் இட்லர் அல்லர்.) விரைந்து வரும் எலக்ட்ரான் ஒன்று அணுக்கருவின் அருகே வளைந்து செல்லும்போது காமாக் கதிரை உமிழ்கிறது. அக்கதிர் எலக்ட்ரான் பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவையும் கதிரை உமிழ்கின்றன, அக்கதிர்களும் இணைகளாகின்றன. இப்படி ஒன்று பலவாகிப் பொழிகிறது. பாட்டனாரின் நிலம் பிள்ளைகளுக்குள் பாகமாகி, பேரர்களுக்குள் மீண்டும் பாகமாவதை எண்ணிப் பாருங்கள். பங்காளிகள் பெருகுகிறார்கள், நிலம் பெருகுவதில்லை. இறுதியில் ஒவ்வொருவர் பங்கும் மேலும் பிரிக்க இயலாத அளவு சிறுத்துவிடும். துகள்மழையிலும் ஆற்றல் அவ்வாறே பங்கு பிரிந்து, தீர்ந்து, அடங்கிவிடுகிறது. ஈயத் தகட்டில் அடங்கும் பகுதி இதுவே.

அடங்காத பகுதி எது? எலக்ட்ரானைவிட மிகுந்த நிறை உடைய துகளாக அது இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களுள் பாபாவும் ஒருவர். நிறை மிகுந்தால் அணுக்கருவின் அருகே எளிதில் வளையாது. வளையாவிட்டால் கதிரை உமிழாது. உமிழாவிட்டால் ஆற்றல் விரைவில் தீராது. அத்துகளை இன்று மியூவான் என்கிறோம். எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 207 மடங்கு நிறை உடையது அது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மியூவான் நிலையான துகள் அன்று. அதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு மட்டுமே. ஒளியின் விரைவில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டரே செல்ல இயலும். ஆனால் அது பிறப்பதோ ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில். அப்படியிருக்கத் தரையை எவ்வாறு எட்டுகிறது? மிகு விரைவில் செல்லும் பொருளின் காலம் நம் பார்வையில் மெல்ல நகரும் என்று ஐன்ஸ்டைன் கண்டிருந்தார். அதன்படி விரையும் துகளின் ஆயுள் நமக்கு நீண்டு தோன்றும் என்று 1938இல் பாபா சுட்டிக்காட்டினார். இப்போது உங்கள் உள்ளங்கையை வானம் நோக்கி விரியுங்கள். நொடிக்கு ஒரு மியூவான் என்னும் அளவில் அதனைத் துளைத்துக்கொண்டு செல்கிறது.

போர் தடுத்த பயணம்

1939இல் பாபா விடுமுறைக்காக இந்தியா வந்தார். செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. திரும்பிச் செல்லும் வழி அடைபட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி. வி. இராமன் தலைமை வகித்த இயற்பியல் துறையில் ஆசிரியப் பணி ஏற்றார். போர் முடியும் வரை என்று எண்ணி ஏற்ற பணி அது. அங்கே அண்டக்கதிர் ஆய்வுப்பிரிவு ஒன்றை அமைத்தார். காகிதமும் பேனாவும் கொண்டு கணக்கிட்டு வந்தவர், இப்போது கருவிகளையும் கையாளத் தொடங்கினார். பலூன்களில் கருவிகளைக் கட்டி அனுப்பினார். அமெரிக்க வான்படை விமானத்தில் 30,000 அடி உயரம் வரை கருவிகளை ஏற்றி அளவெடுத்தார். 1941இல் இலண்டன் அரசுக் கழகத்தின் உறுப்பினரானார்.

ஐரோப்பாவில் அவருக்காக இடங்கள் காத்திருந்தன. இங்கோ, அவர் துறைக்கென ஒரு நல்ல ஆய்வுக்கூடமும் இல்லை. ஆயினும் தங்கிவிட முடிவு செய்தார். 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை மடல் எழுதினார். அணுவாற்றல் பயன்பாட்டுக்கு வரும் காலத்தில், வல்லுநர்களை வெளிநாட்டில் தேடாமல் உள்நாட்டிலேயே உருவாக்கிக்கொள்ள ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக எழுதப்பட்ட மடல் என்பதை நினைவிற்கொள்க. 1945 ஜூனில் பெங்களூரிலேயே டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் தொடங்கியது; அவ்வாண்டு இறுதியில் பம்பாய்க்கு மாறியது.

அதன்பின் வந்த பதவிகள் பல. 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956இல் டிராம்பேயில் அப்சரா அணுவுலை இயங்கியது. 1955இல் ஜெனீவாவில் நடந்த ஐக்கிய நாடுகள் அணுவாற்றல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அணுமின்சாரம் நாட்டின் வறுமையைப் போக்கும் என்று உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கை அவர் எண்ணிய அளவில் நிறைவேறவில்லை. இன்றும் நாட்டின் மின்சாரத்தில் அணுமின்சாரத்தின் பங்கு நூற்றுக்கு மூன்று என்னும் அளவிலேயே நிற்கிறது. நூல்கள் பெரும்பாலும் இப்பதவிகளையே விரித்துரைக்கின்றன. எனக்கு அவற்றைவிட நெருக்கமாகத் தோன்றுவது, கட்டடம் கட்டும்போது மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்த பாபாதான்.

தங்கவயலில்

மியூவான் எவ்வளவு ஆழம் வரை செல்லும்? இதனை அறிய ஆழமான இடம் வேண்டும். பெங்களூரில் பணியாற்றிய பாபாவுக்கு, 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தங்கவயலை நினைப்பது இயல்பே. 1951இல் அவருடைய ஊக்கத்தால், பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளைஞர் கெய்கர் எண்ணிகளை எடுத்துக்கொண்டு இங்கே வந்தார்.

கெய்கர் எண்ணி என்பது வாயு அடைத்த குழாய். அதன் நடுவே மெல்லிய கம்பி ஒன்று செல்லும். கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். ஆனால் வாயு மின்சாரத்தைக் கடத்தாததால் மின்னோட்டம் இராது. மின்னூட்டம் உடைய துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால், வழியிலுள்ள வாயு அணுக்களிலிருந்து சில எலக்ட்ரான்களைப் பறித்துவிடும். அவை கம்பியை நோக்கி ஈர்க்கப்பட்டு, விரைந்து, வேறு அணுக்களை மோதி மேலும் பல எலக்ட்ரான்களை விடுவிக்கும். கண நேரத்தில் ஒரு மின்துடிப்பு உண்டாகும். அதனை எண்ணினால் துகள் வந்ததை அறியலாம்.

பாறையிலும் இயற்கையான கதிரியக்கம் உண்டே, அதனால் எண்ணிக்கை பிழைபடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டுமே எண்ணுவார்கள். பாறைக் கதிரால் எல்லாக் குழாய்களையும் ஒருங்கே துளைக்க இயலாது, மியூவானால் இயலும்.

ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பின்னர் வந்த குழுவினர் 1960களின் தொடக்கத்தில் இன்னும் மிகுந்த ஆழம் வரை சென்றார்கள். அங்கே வாரக்கணக்கில் காத்திருந்தும் கருவி ஒரு மியூவானையும் பதிவு செய்யவில்லை. வேறொருவர் இதனைத் தோல்வி என்று கருதியிருப்பார். ஆனால் அந்த அமைதிதான் அவர்களுக்குக் கிடைத்த புதையல்.

ஏன் என்று காண்போம். நியூட்ரினோ என்றொரு துகள் உண்டு. அதற்கு மின்னூட்டமே இல்லை. ஆகவே எலக்ட்ரான்களைப் பறிப்பதில்லை. எந்த எண்ணியும் அதனை நேரே உணராது. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்னும் அளவில் நம்மைக் கடந்து செல்கின்றன, நாம் அறிவதில்லை. அண்டக்கதிர்கள் காற்றில் மோதுவதாலும், மிகுந்த ஆற்றல் உடைய நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. இவை பூமி முழுவதையும் ஊடுருவ வல்லவை. மிக அரிதாக ஒன்று பாறையிலுள்ள அணுக்கருவில் மோதி ஒரு மியூவானைத் தோற்றுவிக்கும். அந்த மியூவானை எண்ணி உணரும். ஆனால் தரைமட்டத்தில் மேலிருந்து பொழியும் கோடானுகோடி மியூவான்களுக்கிடையே அந்த ஒன்றை எவ்வாறு பிரித்தறிவது? திருவிழா இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது அது. தங்கவயலின் ஆழத்தில் அவ்விரைச்சல் இல்லை.

டாட்டா நிறுவனத்தாரோடு இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் கைகோத்தார்கள். எம். ஜி. கே. மேனன் முன்னின்று நடத்தினார். சாம்பியன் ரீப்பின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மின்னூட்டம் உடைய துகள் கடந்தவுடன் உயர் மின்னழுத்தம் ஒரு கணம் பாய்ச்சப்படும். துகள் கடந்த குழாய்கள் மட்டும் ஒளிரும். புகைப்படக் கருவி அதனைப் பதியும். ஒளிர்ந்த குழாய்களை இணைத்தால் துகள் வந்த சாய்வு தெரியும். மேலிருந்து வருவது வானத்து மியூவானாக இருக்கலாம். கிடைமட்டமாக வருவதோ பல கிலோமீட்டர்ப் பாறையைக் கடந்திருக்க வேண்டும். எந்த மியூவானாலும் அது இயலாது. அவ்வாறு வந்தால், அருகிலுள்ள பாறையில் அதனை ஈன்றது நியூட்ரினோவே.

1965இல் அத்தகைய தடங்கள் கிடைத்தன. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர் அறிந்தது அதுவே முதன்முறை. தென்னாப்பிரிக்காவின் பொற்சுரங்கம் ஒன்றிலும் அமெரிக்க அறிஞர் ரைன்ஸ் குழுவினர் அவ்வாண்டே அதனைக் கண்டார்கள். தங்கவயல்க் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 15ஆம் நாளிட்ட இதழிலும், அவர்களுடையது இரண்டு வாரம் கழித்தும் வெளிவந்தன. யார் முந்தியவர் என்று அறிவியலார் இன்றும் இரு குழுக்களையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர்.

அடுத்த ஆண்டு, 1966 சனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்துக்காகப் பாபா புறப்பட்டுச் சென்றார். அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்சு மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. அதிலிருந்த 117 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை. பாபாவுக்கு அப்போது 56 வயது. அவர் மணம் புரியாதவர். மறு ஆண்டு டிராம்பே அணுவாராய்ச்சி மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

தங்கவயலில் ஆய்வு நின்றுவிடவில்லை. 1980களில், புரோட்டான் என்றேனும் சிதையுமா என்று அறிய, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி அமைக்கப்பட்டது. அதன்பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பொன் எடுப்பதும் முடிவுற்றது.

அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். அத்தகைய இடத்தில் குடைந்து அறை அமைக்கவும், கனமான கருவிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கவும் சுரங்கத் தொழிலாளர் உழைப்பின்றி இயலாது. உங்கள் தெருவில் சாம்பியன் ரீப்பில் வேலை பார்த்த முதியவர் எவரேனும் இருந்தால், சுரங்கத்துக்குள் விளக்கேற்றிக் குழாய்களை அடுக்கி வைத்திருந்த அறையைப் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பத்து வரிகளில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.